ஏழு நாள், ஒரே ஊர்

(பாண்டுப் கிளையின் மாதக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பார்சிலோனா போய்ட்டு வந்தேளே, அதைப் பத்தி அரை மணி பேசுங்கோ" என்று கிளைச் செயலாளர் கேட்டபோது நான் ஒரு நிபந்தனை போட்டேன். பார்த்த அதிசயங்களை வர்ணித்துக்கொண்டிருக்க மாட்டேன். எழுபதைத் தாண்டிய மூன்று பேர், பிள்ளைகளின் துணை இல்லாமல், டூர் கம்பெனிக்காரர் பிடிக்கும் கொடியின் பின்னால் ஓடாமல், ஸ்பெயின் தேசத்து நகரம் ஒன்றில் ஒரு வாரம் இருந்துவிட்டு வர எப்படித் திட்டமிட வேண்டும் என்பதைத்தான் சொல்வேன் என்றேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

நான் படித்தது பி.எஸ்ஸி. பௌதிகம். முப்பத்தாறு வருஷம் மத்திய அரசாங்கத்தில் கோப்பு பார்த்தவன். இரண்டு பழக்கமும் இன்னும் போகவில்லை. எதையும் அளந்து பார்ப்பேன். எதற்கும் ஒரு ஃபைல் போடுவேன். "பார்சிலோனா" என்று எழுதிய அந்த ஃபைல் இதோ மேஜை மேல் இருக்கிறது. வேண்டியவர்கள் பிறகு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கேள்வி. இந்த ஹாலில் பாஸ்போர்ட் இல்லாதவர் யார்? இரண்டு மூன்று கைகள்தான் தெரிகின்றன. சரி, மற்றவர்கள் வெளிநாடு போனது எதற்காக? பெண்ணின் பிரசவம், பிள்ளையின் கிருகப்பிரவேசம், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம். தப்பே இல்லை, சந்தோஷமாகத்தான் போனோம். என் சகதர்மிணி அமெரிக்காவுக்கு இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் அவள் பார்த்த அமெரிக்கா சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு மேப்பிள் மரம். அவள் சொல்லிக்காட்டியதில்லை. நானாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பது வருஷத்தில் நாங்கள் எங்களுக்கென்று போன பயணம், க்ஷேத்திர யாத்திரைகளைத் தவிர, ஒன்றுகூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கட்டடத்து நண்பரின் மனைவி காலமானார். அவர்கள் இருவரும் ஓய்வு பெற்ற வருஷமே பாஸ்போர்ட் எடுத்து வைத்தவர்கள். பெண் கல்யாணம் ஆகட்டும், ஃப்ளாட் கடன் முடியட்டும், மழைக்காலம் போகட்டும் என்று எட்டு வருஷம் போயிற்று. வங்கி லாக்கரைக் காலி செய்தபோது மாமியின் பாஸ்போர்ட் கிடைத்தது. அதில் ஒரு முத்திரைகூட இல்லை. இதை அவர் அனுமதியுடன்தான் சொல்கிறேன். எங்களுடன் வந்த மூன்றாவது ஆள் அவர்தான்.

ஏன் பார்சிலோனா?

பாரிஸ், லண்டன் எல்லாம் இருக்க இது ஏன் என்று பலரும் கேட்டார்கள். ஊரைத் தேர்ந்தெடுத்தவள் என் மனைவி. முப்பது வருஷம் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள், பி.ஏ. படித்தது செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில். அந்தக் கல்லூரியில் ஹேராஸ் இன்ஸ்டிட்யூட் என்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1926-இல் அதைத் தொடங்கியவர் ஹென்றி ஹேராஸ் என்ற யேசு சபைப் பாதிரியார். 1888-இல் பார்சிலோனாவில் பிறந்து 1922-இல் பம்பாய்க்கு வந்து, சேவியர்ஸில் சரித்திரப் பேராசிரியராக இருந்து, 1955-இல் இங்கேயே மறைந்தார். விஜயநகரத்து ஆரவீடு வம்சத்தைப் பற்றி 1927-இல் நூல் எழுதினார். சிந்துவெளி முத்திரைகளில் இருப்பது ஆதி திராவிட மொழி என்று வாதிட்டு, தமிழ்ச் சொற்களைக் கொண்டு அவற்றைப் படிக்க முயன்றார். அவர் படித்த விதத்தை இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆனால் திராவிட மொழி என்ற கருத்தைப் பின்னால் வந்த பெரிய ஆய்வாளர்களும் கையில் எடுத்தார்கள். நம் அஞ்சல் துறை 1981-இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

"பார்சிலோனாக்காரர் ஒருத்தர் நம்ம ஊருக்கு வந்து தமிழைப் பத்தி யோசிச்சிருக்கார். அவர் ஊரை நாம ஒரு தடவை பார்க்கப்படாதா?" என்றாள். ஒரு பயணத்துக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது ஒரு காரணம் இருக்கட்டும். காரணம் இருந்தால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

அடுத்தது, ஏன் ஒரே ஊர்? பத்து நாளில் ஏழு தேசம் என்று விளம்பரம் வருகிறது. தினமும் காலை ஆறு மணிக்குப் பெட்டியைக் கட்டிக் கீழே வைக்க வேண்டும். நம் வயதில் உடம்பு தளர்வது ஊரைப் பார்ப்பதால் அல்ல, பெட்டியைத் தூக்குவதாலும் படுக்கை மாறுவதாலும்தான். ஒரே ஊரில் ஏழு நாள் என்றால் பெட்டியை ஒரு தடவை திறக்கிறோம், ஒரு தடவை மூடுகிறோம். மூன்றாம் நாளே மூலைக் கடைக்காரர் முகம் பழகிவிடும். விசாவுக்கும் இதுவே சுலபம். ஷெங்கன் நாடுகள் பலவற்றுக்குப் போனால், அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அதனிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே நாடு என்றால் அந்தக் கணக்கே வேண்டாம்.

தேதி பார்ப்பது

நம்மவர்கள் தேதி பார்க்க இரண்டு பஞ்சாங்கம் வேண்டும். ஒன்று நம்முடையது, இன்னொன்று அவர்களுடையது. அங்கே ஆகஸ்ட் என்றால் கடும் வெயில், கூட்டம், உள்ளூர்க் கடைகள் பலவும் விடுமுறை. குளிர்காலத்தில் பகல் குறைவு. வசந்த காலமும் அக்டோபரும் நமக்கு ஏற்றவை. அக்டோபரில் சுமார் 15-இலிருந்து 22 டிகிரி வரை இருக்கும், நடுநடுவே மழையும் உண்டு. 2024-இல் விஜயதசமி அக்டோபர் 12, தீபாவளி 31. மகாளய பக்ஷம், நவராத்திரி, ஐப்பசி மாதப் பிறப்புத் தர்ப்பணம் எல்லாம் முடித்துக்கொண்டு கிளம்பி, தீபாவளிக்கு மருந்து கிளற நாலு நாள் இருக்கும்போது திரும்பிவிட்டோம். சிராத்தத் தேதிகளையும் முன்னதாகவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியனைப் பற்றி ஒரு சங்கதி. பார்சிலோனா கிட்டத்தட்ட கிழக்கு 2 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது. ஆனால் 1940-இலிருந்து ஸ்பெயினின் கடிகாரம் 15 பாகையின் நேரத்தைக் காட்டுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் வீதம் சூரியன் 51 நிமிஷம் பின்தங்கிவிடுகிறது. கோடையில் கடிகாரத்தை இன்னும் ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். ஆக ஜூலை மாதத்தில் உச்சிவேளை ஏறக்குறைய 2 மணிக்கு வரும், அஸ்தமனம் ஒன்பதரைக்கு ஆகும். நாங்கள் போன அக்டோபரில் சூரியோதயம் எட்டு மணிக்கு மேல். காலை ஏழு மணிக்கும் நட்சத்திரம் தெரிந்தது. ஸ்பானியர்கள் மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறார்களே என்று எல்லோரும் அதிசயிக்கிறோம். சூரியனைக் கேட்டால், அவர்கள் சரியாக உச்சிப் பொழுதில்தான் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லும். நமக்கும் இது புதிதல்ல. இந்திய நேரம் 82½ பாகைக்கு உரியது, மும்பை 73-க்கு அருகில் இருக்கிறது. பாண்டுப்பிலும் சூரியன் தினமும் 38 நிமிஷம் லேட்தான், நம் ஸ்லோ லோக்கலைப் போல.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சந்தியாவந்தனத்தை எந்த மணிக்கு வைத்துக்கொள்வது, காலை மருந்தை எப்போது போட்டுக்கொள்வது என்பதெல்லாம் இதில் அடக்கம். நண்பருக்குச் சர்க்கரை, இன்சுலின் உண்டு. நமக்கும் அங்கேயும் கோடைக் கணக்கில் மூன்றரை மணி, குளிர்காலக் கணக்கில் நாலரை மணி வித்தியாசம். மூன்றரை மணியை எப்படிச் சரிக்கட்டுவது என்று அவருடைய டாக்டரிடம் கேட்டு, ஓர் அட்டவணையாக எழுதிக்கொண்டோம். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

விசா, இன்ஷூரன்ஸ், விமானம்

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்திருக்க வேண்டும். கடைசி நிமிஷம் வரை காத்திராமல் மூன்று மாதம் முன்பே முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாக உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு விவரம், தங்குமிட ரசீது, நாள்வாரியான பயணத் திட்டம், ஒரு விண்ணப்பக் கடிதம் ஆகியவற்றை அடுக்கி வைத்தேன். நாம் ஆயுசு முழுக்க மற்றவர்களிடம் கேட்ட காகிதங்கள்தானே, பயப்பட என்ன இருக்கிறது?

ஒரு புதிய செய்தி. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் விரல் ரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாக இது. முதல் தடவை வரிசை நீளும். வேறு ஷெங்கன் ஊரில் விமானம் மாறுவதாக இருந்தால் நடுவே போதிய நேரம் விடுங்கள்.

மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. ஆனால் விதிக்காக மட்டும் வாங்காதீர்கள். ஏற்கெனவே உள்ள ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயக் கோளாறுக்கு எந்த நிலையில் பணம் தருவார்கள் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். மருந்துச் சீட்டில் வியாபாரப் பெயர் அல்லாமல் மூல மருந்தின் பெயர் இருக்க வேண்டும், மருந்துகள் கைப்பையிலேயே வர வேண்டும். அவசரத்துக்கு அங்கே 112 என்ற எண்.

மும்பையிலிருந்து வளைகுடா ஊர் ஒன்றில் மாறிப் போவது வழக்கமான வழி. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவியைக் கேளுங்கள். ஐரோப்பிய விமான நிலையங்களில் இது சட்டப்படி இலவசம், 48 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். வெட்கப்பட ஒன்றும் இல்லை. இன்னொன்று: விமானத்தில் "ஹிந்து மீல்" என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் மாமிசம் இருக்கலாம். நமக்கு வேண்டியது "ஏஷியன் வெஜிடேரியன்". வெங்காயம், பூண்டும் கூடாது என்பவர்கள் "ஜெயின் மீல்" கேட்கலாம்.

நாற்பது நிமிஷக் கணக்கு

இனிமேல் சொல்லப்போவதுதான் என் திட்டத்தின் ஆதாரம். என் மனைவிக்கு அப்போது 71 வயது. வலது முழங்காலில் தேய்மானம். ஆபரேஷன் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவளால் உட்காராமல் எவ்வளவு நேரம் நடக்க முடியும்? இதை ஊகிக்காமல் அளந்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்கா போய், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஃபைவ் கார்டன்ஸ் வரை மெதுவாக நடந்தோம். மூன்று தடவையும் ஏறக்குறைய நாற்பதாவது நிமிஷத்தில் அவள் கை பெஞ்சைத் தேடியது. அதுவே எங்கள் அளவுகோல் ஆயிற்று.

பார்சிலோனாவின் நடுப்பகுதிக்கு எய்ஷாம்ப்ளா என்று பெயர். "விஸ்தரிப்பு" என்று அர்த்தம். மதிலுக்குள் அடைபட்டு காலராவில் அவதிப்பட்ட ஊர், 1854-இல் மதிலை இடித்தது. பிறகு இல்தெஃபான்ஸ் செர்தா என்ற எஞ்சினீயரின் திட்டத்துக்கு 1859-இல் அங்கீகாரம் கிடைத்தது. எல்லா பிளாக்கும் 113 மீட்டர் சதுரம், நடுவே தெரு 20 மீட்டர், மூலைகள் சாய்வாக வெட்டப்பட்டவை. காற்றும் வெளிச்சமும் வர வேண்டும் என்பதே நோக்கம். இந்தக் கதையைக் கேட்டதும் நமக்கு மாட்டுங்கா ஞாபகம் வர வேண்டும். 1896-இல் பம்பாயில் பிளேக் வந்து, 1898-இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் ஏற்பட்டு, அது வகுத்த தாதர்-மாட்டுங்கா திட்டத்தில்தான் நம் முன்னோர் பலர் குடியேறினார்கள். அங்கே இடம் வாங்க முடியாத நாம் பாண்டுப்புக்கும் முலுண்டுக்கும் வந்தோம்.

கணக்குக்கு வருகிறேன். ஒரு பிளாக்கும் ஒரு தெருவும் சேர்ந்து 133 மீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நாற்பது நிமிஷம் என்றால் 2 கிலோமீட்டர், அதாவது 15 பிளாக். வரைபடத்தில் தங்குமிடத்தை நடுவே வைத்து, எந்த இடமானாலும் 15 பிளாக்குக்குள் ஒரு பெஞ்சோ பஸ் நிறுத்தமோ வரும்படி பார்த்தேன். பஸ்கள் எல்லாம் தாழ்தளம், நேரே ஏறிவிடலாம். மெட்ரோவில் பெரும்பாலான ஸ்டேஷன்களில் லிஃப்ட் உண்டு. ஆனால் பஸேஜ் த கிராசியா போன்ற ஸ்டேஷனில் பாதை மாற நீண்ட சுரங்கத்தில் நடக்க வேண்டும். ஆகவே முழங்கால்காரர்களுக்கு பஸ்ஸே உத்தமம்.

தங்குமிடமும் சாப்பாடும்

வீடுகளில் வாடகைக்குத் தங்குவது இப்போது வழக்கமாக இருக்கிறது. ஆனால் அந்த ஊர் மக்கள் இதனால் வாடகை ஏறிவிட்டது என்று கொதித்துப்போயிருக்கிறார்கள். 2024 ஜூலையில் ஊர்வலம் போய், சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி அடித்தார்கள். ஏறக்குறைய பத்தாயிரம் சுற்றுலா ஃப்ளாட்களின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் முடித்துவிடப் போவதாக மாநகராட்சி அறிவித்திருக்கிறது. நம் சொசைட்டியில் பக்கத்து ஃப்ளாட்டுக்கு வாரம் ஒரு கும்பல் வந்து நடுராத்திரி பெட்டியை உருட்டினால் நாம் சும்மா இருப்போமா? ஆகையால் ஹோட்டல் உரிமம் உள்ள, சமையலறையோடு கூடிய "அபார்ட்ஹோட்டல்" எடுத்தோம். ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: லிஃப்ட் தெரு மட்டத்திலிருந்தே தொடங்குகிறதா? அங்குள்ள பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேல் "என்ட்ரெசோல்", அதற்கு மேல் "பிரின்சிபால்", அதற்கும் மேலேதான் "முதல் மாடி". முதல் மாடிதானே என்று எடுத்தால் நமக்கு அது மூன்றாம் மாடி.

சமையலறை எதற்கென்றால், நாம் ராத்திரி ஏழரைக்குச் சாப்பிடுகிறவர்கள், அங்கே ஹோட்டல்களில் ராச் சாப்பாடு எட்டரை ஒன்பதுக்குத்தான். ஆனால் முதலிலேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். இந்தச் சமையலறையில் என் மனைவி நிற்கக்கூடாது. நானும் நண்பரும் சாதம் வடித்தோம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் கையோடு போயிற்று. நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களை ஐரோப்பாவுக்குள் எடுத்துப்போகக் கூடாது. பச்சைக் காய், கறிவேப்பிலையும் வேண்டாம். தயிரும் பாலும் அங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. ரவால் என்ற பேட்டையில் தெற்காசிய மளிகைக் கடைகள் நிறைய. குழாய்த் தண்ணீர் சுத்தமானது, ருசிதான் கொஞ்சம் உப்பு.

வெளியே சாப்பிட, "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் உவேவோ" என்று ஸ்பானிய மொழியில் எழுதிய அட்டை வைத்துக்கொண்டோம். மாமிசம், மீன், முட்டை இல்லாமல் என்று பொருள். "சாண்ட்விச் வெஹெதால்" என்று பலகை பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். காய்கறியோடு டூனா மீனும் முட்டையும் அதில் சாதாரணம். சுட்ட கத்திரிக்காயும் குடமிளகாயும் ஆலிவ் எண்ணெயில் ஊறிய "எஸ்கலிவாதா" நம் சுட்ட கத்திரிக்காய்ப் பச்சடிக்குத் தாயாதி. அதன் மேல் சில இடங்களில் நெத்திலி வைப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தக்காளி தேய்த்த ரொட்டி எங்கும் கிடைக்கும். "ஓர்சாத்தா" என்ற பானம் கோரை இனத்துக் கிழங்கை அரைத்துப் பிழிந்த பால். மாட்டுப் பால் கலவாதது, குளுமை.

ஒரு நாளுக்கு ஒன்று

ஏழு நாள் திட்டத்தில் என் விதி இதுதான்: காலையில் ஓர் இடம், மத்தியானம் ஓய்வு, சாயங்காலம் ஒரு பெஞ்ச். வாரத்தின் நடுவே ஒரு நாள் முழுக்க வெற்று நாள்.

முதல் நாள் தூக்கம், மளிகைக் கடை, தெருவைச் சுற்றி நடை. இரண்டாம் நாள் சக்ராதா ஃபமீலியா தேவாலயம். டிக்கெட்டை நேரம் குறித்து முன்பே எடுக்க வேண்டும். காலையில் கிழக்கு ஜன்னல்களில் நீலமும் பச்சையுமாக வெளிச்சம், மாலையில் மேற்கில் சிவப்பும் ஆரஞ்சும். கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு, ஆனால் இறங்குவது குறுகிய சுழல் படியில். நாங்கள் ஏறவில்லை. 1882-இல் ஆரம்பித்த கட்டடம். 1883-இல் பொறுப்பேற்ற அன்தோனி கௌடி, 1926-இல் டிராம் மோதி இறந்தபோது சிறு பகுதிதான் முடிந்திருந்தது. காணிக்கைப் பணத்தில் இன்றுவரை வேலை நடக்கிறது. நடுக்கோபுரத்தின் திட்ட உயரம் 172.5 மீட்டர். 2025 அக்டோபரில் உலகின் மற்ற எல்லாத் தேவாலயங்களின் உயரத்தையும் அது தாண்டியது. வெளிநாட்டார் இதை அதிசயம் என்கிறார்கள். பல நூற்றாண்டு மொட்டையாக நின்று, 1987-இல் 236 அடியோடு கும்பாபிஷேகம் கண்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் பார்த்த நமக்கு இது புரியும். தொடங்கியவர் முடிப்பதைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பௌதிக மாணவனுக்கு அங்கே ஒரு விருந்து. இரண்டு கையிலும் ஒரு சங்கிலியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அந்த வளைவில் இழுவிசை மட்டுமே இருக்கிறது. அதை அப்படியே தலைகீழாக்கினால் அமுக்கவிசை மட்டுமே தாங்கும் வளைவு கிடைக்கும், செங்கல்லுக்கு அதுதான் வேண்டும். கௌடி நூலில் சிறு ஈய மூட்டைகளைத் தொங்கவிட்டு, அந்த வடிவத்தைத் தலைகீழாகப் பார்த்துக் கட்டடம் அமைத்தார். மூன்றாம் நாள் பார்த்த லா பெத்ரேரா மாளிகையின் பரணில் இப்படி 270 செங்கல் வளைவுகள். நான் ஒரு மணி நேரம் நின்றேன். நண்பர் நாற்காலியில் சுகமாகத் தூங்கினார்.

நான்காம் நாள் பழைய நகரம். கதீட்ரலின் உள்முற்றத்தில் பதின்மூன்று வாத்துகள் வளர்க்கிறார்கள். அங்கும் ராம்ப்லா வீதியிலும் ஜேப்படிக்காரர்கள் ஜாஸ்தி. காலை எட்டரைக்கு தாதரில் இறங்குகிறவர்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்போர்ட் அறையில், நகல் பையில்.

அன்று ராத்திரி என் மனைவியின் முழங்கால் வீங்கிவிட்டது. மறுநாள் நான் வைத்திருந்த வெற்று நாள். அவள் காலை நீட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக் கிழவி ஒருத்தி துணி உலர்த்தினாள், இருவரும் கையசைத்துக்கொண்டார்கள். எந்த டிக்கெட்டும் வீணாகவில்லை, யாரும் யாருக்காகவும் முகம் சுளிக்கவில்லை. டூர் பஸ்ஸாக இருந்திருந்தால் ஒன்று அவள் வலியோடு ஏறியிருப்பாள், இல்லாவிட்டால் நாங்கள் ஹோட்டல் அறையில் அடுத்த ஊரை இழந்திருப்போம். வெற்று நாளை யாரும் வீண் நாள் என்று நினைக்காதீர்கள். வயதானவர்களின் திட்டத்தில் அதுதான் முதலில் எழுத வேண்டிய வரி.

ஆறாம் நாள் மொன்செராத் மலை. பிளாசா எஸ்பான்யாவிலிருந்து ஒரு மணி நேரம் ரயில், பிறகு பல்சக்கர ரயில் மடத்தின் வாசலுக்கே கொண்டுபோய் விடுகிறது. அங்கே இருப்பது கறுத்த மாதா. கறுத்த விக்கிரகம் நமக்கு அந்நியமா என்ன? ஏழாம் நாளுக்கு எழுதியிருந்த பார்க் குயெல் மேட்டில் இருக்கிறது, முழங்காலை உத்தேசித்து விட்டுவிட்டோம். அதற்குப் பதில் காஸ்ப் தெருவில் யேசு சபையாரின் பழைய கோயிலுக்குப் போனோம். என் மனைவி கடைசி பெஞ்சில் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். "ஹேராஸ் கிளம்பறச்சே திரும்பிப் பார்த்திருப்பாரோ?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நண்பர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அவளுக்கு இந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

செலவைக் கேட்பீர்கள். 2024-இல் எங்களுக்குத் தலைக்கு இரண்டு லட்சத்துக்குள் ஆயிற்று. சின்னத் தொகை இல்லைதான். ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டைப் புதுப்பிக்காமல் விட்டோம். பிள்ளைகள் "தனியாவா போறேள்?" என்று கவலைப்பட்டார்கள். அவர்களிடம் இந்த ஃபைலைக் காட்டினோம். கவலைக்கு மருந்து தைரியப் பேச்சு அல்ல, காகிதத்தில் எழுதிய திட்டம். அதைப் படித்த பிறகு அவர்கள் கேட்டது, எந்தத் தேதியில் கிளம்புகிறீர்கள் என்பது மட்டுமே.

பார்சிலோனாதான் போக வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர் வேறாக இருக்கலாம், ஐரோப்பாவாகவே இல்லாமலும் இருக்கலாம். இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். பாஸ்போர்ட் எதுவரை செல்லும் என்று பாருங்கள். அகத்துக்காரரும் அகத்துக்காரியும் ஒருவரையொருவர், "உனக்கு எந்த ஊர் பார்க்கணும்?" என்று கேளுங்கள். நாளைக் காலை சேர்ந்து நடந்துபோய், எத்தனையாவது நிமிஷத்தில் உட்காரத் தோன்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் வருஷா வருஷம் குறையும், கூடாது. மற்றதெல்லாம் ஃபைலில் இருக்கிறது.